டவர் மாறும் வளைவு

ஜனவரி 3, புதன்

இந்த டைரியைத் தாரணி கொடுத்தாள். அட்டையில் தங்க எழுத்தில் 'சி. நாச்சிமுத்து, ஆலோசகர்' என்று அச்சடித்திருக்கிறாள். 'ஆலோசகர்' என்பதைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். அட்டையும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. போகட்டும்.

நான் ஆலோசனை சொல்கிறவன் அல்ல. பெட்டி செய்கிறவன். 'சமநொடி சிஸ்டம்ஸ்' கம்பெனியைத் தாரணியின் அப்பாவும் நானும் கோவை கணபதியில் ஒரு மாடி அறையில் ஆரம்பித்தோம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் எம்.டி. ஆனாள். நான் ஆலோசகர் ஆக்கப்பட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கூடவே சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றும் கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்தால் சோல்டரிங் செய்யும்போது மேசை ஒரு பக்கம் போகிறது, ஆள் ஒரு பக்கம் போகிறான்.

எங்கள் கம்பெனியை வாட்ச் கம்பெனி என்று என் அண்ணன் இன்னும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதனால் எழுதிவைக்கிறேன். செல்போன் டவர்கள் எல்லாம் ஒரே கணத்தில் பேச வேண்டும், ஒரே கணத்தில் கேட்க வேண்டும். ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து டவர் கத்தினால் இதன் காது அடைத்துக்கொள்ளும். போனில் பேச்சு அறுந்துபோகும். அதற்காக ஒவ்வொரு டவரின் அடியிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அது செயற்கைக்கோளிடமிருந்து நேரத்தை வாங்கி டவருக்குக் கொடுக்கும். மலை மறைத்தாலோ, குரங்கு ஆன்டெனாவைப் பிடுங்கினாலோ, பெட்டி தன் சொந்தப் புத்தியில் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும். நொடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால் அதில் ஒன்றரைத் துண்டுக்கு மேல் பிசகக் கூடாது.

அப்படி ஓடும் பெட்டி என்னுடையது. உள்ளே ஒரு படிகம். அதற்குக் குளிரும் ஆகாது, வெக்கையும் ஆகாது. ஆகவே அதைச் சுற்றி ஒரு சின்ன அடுப்பு வைத்து, சூடு மாறாமல் பார்த்துக்கொள்கிறேன். முதல் அடுப்பை எவர்சில்வர் டிபன் கேரியருக்குள் செய்தேன். பியூசியில் தோற்றவன், ஒப்பணக்கார வீதியில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டே, எடைக்கு வாங்கிய பழைய பத்திரிகைகளைப் படித்துக் கற்றுக்கொண்டேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வந்தவர்களையும் நான் விடவில்லை.

இப்போது ஒரு பெரிய போன் கம்பெனி, மலை டவர்களுக்குப் பெட்டி கேட்கிறது. முதலில் வால்பாறை. சோதனையில் என் பெட்டி தேறினால் இங்கேயே செய்வோம். தேறாவிட்டால் தாரணி வெளிநாட்டுப் பெட்டியை இறக்கி, எங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்பாள். அன்றைக்கே என் மேசையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

சொன்னால் சொன்னதுதான்.

ஜனவரி 5, வெள்ளி

குழாய் ஒழுகியது. வாஷர் மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது. வாஷர் சரியில்லை.

ஜனவரி 8, திங்கள்

சோதனை செய்ய பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள் வந்திருக்கிறார். வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பொதுவான சோதனை நிறுவனம். பெயர் ஆவுடையம்மாள். சொந்த ஊர் பாளையங்கோட்டை. வயது ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது நடக்கிறதாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். இதெல்லாம் தாரணி சொன்னது. நான் கேட்கவில்லை.

ஆம்பளை வாட்ச் கட்டியிருக்கிறார். தோளில் ஒரு பெரிய பிளாஸ்க். காப்பி கொண்டுவரச் சொன்னேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. சோதனை முடியுத வரைக்கும் அந்த எடத்துல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். இத்தன வருசமும் அப்படித்தான்."

"எங்கூர்ல சண்டை போட வந்தவன்கூட காப்பியக் குடிச்சுட்டுத்தானுங்க சண்டைய ஆரம்பிப்பான்."

"நாம காப்பி இல்லாமலே ஆரம்பிப்போம்" என்றார்.

தாரணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வந்த இடத்தில் ஒரு வாய் காப்பி வாங்காதவரை எப்படி நம்புவது? போதாக்குறைக்கு அண்ணாச்சி. எனக்குக் கூடப் பிறந்தவர்களே ஏற்கெனவே அதிகம்.

ஜனவரி 9, செவ்வாய்

பெட்டியின் ஆன்டெனாவைக் கழற்றினார்கள். இனி நாளை வரைக்கும் அது தனியாள். பக்கத்தில் அந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் கொண்டுவந்த அணுக் கடிகாரம்; அதோடு ஒப்பிட்டுத் திரையில் கோடு வரைந்துகொண்டே போகும். மேசையை நேற்றே நான்தான் ஒழுங்கு செய்துவைத்திருந்தேன். வயர்களை எல்லாம் பின்னல் போட்ட மாதிரிக் கட்டியிருந்தேன். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைக்குத் தலை சீவிவிட்ட மாதிரில்லா இருக்கு" என்றார்.

பாராட்டா, கிண்டலா, தெரியவில்லை. விளக்கம் கேட்கவில்லை.

ஜனவரி 10, புதன்

ஜெயித்துவிட்டேன்.

ஒன்றரைத் துண்டு பிசகலாம் என்பது அனுமதி. என் பெட்டி பிசகவே இல்லை. திரையில் கோடு, ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக வந்திருந்தது. தாரணி மைசூர்பா வாங்கிவரச் சொன்னாள். மாடியில் எல்லாரும் கை தட்டினார்கள். வெளிநாட்டுப் பெட்டிக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லலாமே என்று தாரணியிடம் சொன்னேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

இன்ஸ்பெக்டர் மைசூர்பாவைத் தொடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவ்வளவு நல்லா இருக்கக் கூடாதே."

"நல்லா இருந்தா குத்தமுங்களா?"

"படிகம்னா கொஞ்சம் ஏறி எறங்கும் அண்ணாச்சி. மூச்சு விடுத ஆளுக்கு நெஞ்சு அசையும்லா? இது அசையவே இல்ல. பொணம் மாதிரி கெடக்கு."

"என்ற பெட்டியப் பொணம்ங்கறீங்களா?"

"இது பெட்டியே இல்லங்கேன். வேற என்னமோ."

நான் உரக்கப் பேசினேன். ரொம்ப உரக்க என்று தாரணி சொல்கிறாள். அந்த அம்மாள் உரக்கப் பேசவில்லை. அது இன்னும் எரிச்சல். கடைசியில் "நாளைக்குப் பாக்கலாம் நாச்சிமுத்து சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சார். இதற்கு அண்ணாச்சியே மேல்.

ஜனவரி 11, வியாழன்

காலையில் நான் போகும்போது இன்ஸ்பெக்டர் மேசைக்கு அடியில் இருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு. ஒரு நீலக் கேபிளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தக் கேபிள் பெட்டியிலிருந்து அறிக்கைகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது. நான் எந்தப் பெட்டியை மேசையில் வைத்தாலும் முதல் வேலையாக அதைச் செருகிவிடுவேன். அந்தக் கம்ப்யூட்டரோடுதான் அணுக் கடிகாரமும் இணைந்திருக்கிறது. வானத்திலிருந்து நேரம் வரவில்லை என்றதும், என் பெட்டி அந்தக் கேபிள் வழியாக அணுக் கடிகாரத்திடமே நேரம் கேட்டுக் கேட்டு ஓடியிருக்கிறது. எதோடு ஒப்பிட்டோமோ அதனிடமே கேட்டிருக்கிறது.

"பக்கத்துப் பிள்ளை சிலேட்டப் பாத்து எழுதிட்டு நூத்துக்கு நூறுன்னா, வாத்தியார் மைசூர்பா குடுக்கலாமா சார்?"

மிச்சமிருந்த மைசூர்பா டப்பாவை யாரோ மூடிவைத்தார்கள்.

கேபிளை யார் செருகினார்கள் என்பது முக்கியம் அல்ல. கேபிள் அங்கே இருந்தது, அவ்வளவுதான். அதில் அறிக்கை மட்டும்தான் போகும் என்று எனக்குத் தெரியும். நேரமும் வரும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பகுதியைச் செய்த பிள்ளைகள் போன வருஷம் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினார்களாம். அன்றைக்கு நான் வரவில்லையாம். எதற்கு வர வேண்டும்? என் பெட்டியைப் பற்றி எனக்கே விளக்கமா?

ஜனவரி 12, வெள்ளி

ஆபீசுக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவினேன். நான்கு சட்டை அயர்ன் செய்தேன். போன் ஒருமுறையும் அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

ஜனவரி 13, சனி

தாரணி வீட்டுக்கு வந்தாள். கையில் கரும்பு.

"மாமா, அந்தம்மா நேத்தே பெங்களூர் போயிருக்கலாமுங்க. பெட்டி தோல்வின்னு ஒரு வரி எழுதிப்போட்டு."

"எழுதலையா?"

"எழுதல. தோத்தது கேபிள், பெட்டி இன்னும் பரீட்சையே எழுதலைங்கறாங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போட்ட டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிட்டாங்க. நாளைக்கு மறுபடியும் ஓட்டலாமாம்."

"ஓட்டுங்க. நான் எதுக்கு? நான் ஆலோசகர்."

"ஆலோசனை சொல்ல வாங்க."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாம உக்காந்திருக்கறதுக்காச்சும் வாங்க மாமா. அந்தம்மாவே கேட்டுட்டாங்க, எங்க உங்க சத்தக்காரரைக் காணோம்னு."

"என்னன்னு கேட்டாங்க?"

"சத்தக்காரர்னு."

கரும்பை வாங்கிவைத்தேன். பொங்கல் நாளில் ஆபீசில் ஆள் இருக்க மாட்டார்கள். பெட்டிக்கு யாராவது காவல் இருக்க வேண்டும். அதற்காகப் போவேன். வேறு காரணம் இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

கேபிள் ஒன்றுவிடாமல் கழற்றித் தரையில் போட்டோம். ஆன்டெனா கேபிள், அறிக்கைக் கேபிள், எதற்கு என்று யாருக்கும் தெரியாத ஒரு மஞ்சள் கேபிள். மின்சாரம் மட்டும் பாக்கி. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு துவாரத்திலும் டேப் ஒட்டி, அதன்மேல் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

"எங்கிட்டயே சந்தேகமுங்களா?"

"உங்க கைகிட்ட. அது தானாப் போயிக் கேபிளச் செருகிரும்."

பெட்டியை நாளை மறுநாள் வரைக்கும் ஓடவிடுவதாக முடிவு செய்தார். ஒரு நாளுக்குத்தான் கணக்கு. மறுநாளும் ஓடட்டும், எப்படிச் சரிகிறது என்று பார்க்கலாம் என்றார். வேறு இன்ஸ்பெக்டர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள். பிடிவாதக்காரி.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

கீழே பம்ப் மோட்டார் கடைக்காரர்கள் கோலம் போட்டுப் பொங்கல் வைத்தார்கள். பானை பொங்கியதும் மாடிக்குக் கொடுத்தனுப்பினார்கள். ஆவுடையம்மாள் இலையைப் பார்த்தார், முகர்ந்தார், என் பக்கம் தள்ளிவைத்தார்.

"பண்டிகைக்குமா?" என்றேன்.

"பண்டிகைக்கு மட்டும் சட்டம் லீவு போடுமா?" என்றவர், பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றி என் முன்னால் வைத்தார். "நான் உங்ககிட்ட வாங்கித் திங்கக் கூடாது. நான் குடுத்து நீங்க குடிக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

கருப்பட்டிக் காப்பி. எனக்குக் கருப்பட்டி பிடிக்காது. இரண்டு மூடி குடித்தேன்.

பேச ஒன்றுமில்லாததால் அவர் கதையைச் சொன்னார். பாளையங்கோட்டையில் அப்பாவுக்கு ஒரு சைக்கிள் கடை. இரண்டு அண்ணன்மார். படித்த படிப்புக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்று முதலில் சொன்னார்கள். வயதுக்குக் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். பிறகு சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். "எனக்கும் வேலை இருந்துச்சு" என்றார். நான் என் கதையைச் சொன்னேன். மனைவி சரஸ்வதி போய் ஒன்பது வருஷம். மகன் கனடாவில். சமையல் தெரியும், நன்றாகவே தெரியும், ஆனால் ஒருவனுக்காகப் பீர்க்கங்காய் நறுக்குவது முட்டாள்தனமாக இருக்கிறது என்றேன்.

மத்தியானம் தாரணி எட்டிப் பார்த்தாள். அப்போது ஆவுடையம்மாள் திரையைக் காட்டி, "இங்க பாருங்க, கோடு ஏற ஆரம்பிச்சிருக்கு" என்றார். இப்போது அண்ணாச்சியும் இல்லை, சாரும் இல்லை. 'இங்க பாருங்க' என்றுதான் கூப்பிடுகிறார். தாரணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். சொல்லவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

முதல் நாள் கணக்கில் ஒன்றும் சொச்சமும். ஒன்றரைக்குள்தான். தேறிவிட்டது.

ஆனால் என் மனது தேறவில்லை. போன வாரம் ஸ்கேல் கோடு. இன்றைக்கு, குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் நடந்த தடம்போல் ஒரு கோடு. ஏறுகிறது, இறங்குகிறது, மத்தியான வெயிலுக்குக் கொஞ்சம் சாய்கிறது.

"நொண்டுதுங்க" என்றேன்.

ஆவுடையம்மாள் குழந்தையைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நொண்டுதா? மூச்சு விடுதுங்க. நல்லாப் பாருங்க, வெயில் ஏறும்போது அசந்து போவுது, சாய்ஞ்சதும் அதுவே நிமிந்துக்கிடுது. யாருகிட்டயும் கேக்காம. எத்தனையோ பெட்டி பாத்துட்டேன், இப்படி ஒரு பிடிவாதமான பெட்டியப் பாக்கல."

பெட்டியைத்தான் சொன்னார்.

இன்னும் கையெழுத்து ஆகவில்லை. மலையில், நிஜ டவரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஆகையால் என் மேசையும் இன்னும் நிச்சயமில்லை. வெளிநாட்டுப் பெட்டிக்காரன் தாரணிக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பியிருக்கிறான். வெட்கம் கெட்டவன்.

ஜனவரி 17, புதன்

அவர் பெங்களூர் போய்விட்டார். பீர்க்கங்காய் வாங்கினேன். கசந்தது.

ஜனவரி 22, திங்கள்

ஆவுடையம்மாள் போன் செய்தார். வால்பாறைத் தேதி பற்றி. பிப்ரவரி முதல் வாரம். பெட்டியைப் பற்றித்தான் பேசினோம். பேச்சு முடியும்போது அடுப்பில் வைத்த பருப்பு தீய்ந்துவிட்டது. பெட்டியைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

ஜனவரி 24, புதன்

மறுபடியும் போன். பெட்டியைப் பற்றி.

ஜனவரி 29, திங்கள்

முடி வெட்டிக்கொண்டேன். மலையில் குளிரும் என்று ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். கடைக்காரன் சாம்பல் நிறம் காட்டினான். இந்த வயதில் எதற்குச் சாம்பல் என்று நீலம் எடுத்தேன். தாரணி பார்த்துவிட்டு, "பெட்டிக்குப் பிடிச்ச கலருங்களா மாமா?" என்றாள். எம்.டி.க்கு இந்தப் பேச்சு அழகல்ல.

பிப்ரவரி 1, வியாழன். வால்பாறை

ஆழியாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தோம். தாரணி ஜீப் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி என்னைப் பிடித்துக்கொண்டது என்கிறாள் தாரணி.

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு டவர், கீழே ஒரு டவர். நடுவில் மலை குறுக்கே விழுந்து கிடக்கிறது. வானம் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் தெரிகிறது. செயற்கைக்கோளை நம்பிப் பிழைக்கிற பெட்டிகள் இங்கே பிழைக்காது. இரண்டு டவருக்கும் என் பெட்டியை வைத்து, நேரம் வாங்கவிட்டு, பிறகு இரண்டின் ஆன்டெனாவையும் கழற்றினோம். துவாரங்களில் டேப் ஒட்டிவிட்டு ஆவுடையம்மாள் என் கையைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நாளை வண்டிச் சோதனை. மேல் டவரில் ஆவுடையம்மாள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஜீப்பிலிருந்து பேசிக்கொண்டே கீழ் டவர் வரை போய் வர வேண்டும். வழியில் சில்வர் ஓக் மரம் நிற்கிற ஒரு வளைவு. அந்த இடத்தில் போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும். இரண்டு பெட்டியின் நேரமும் பொருந்தினால் பேச்சு அறாது. பொருந்தாவிட்டால் அறும். ஒருமுறை அறுந்தாலும் தோல்வி. ஐந்து தடவை போய் வர வேண்டும்.

"மெஷின் என்னவும் சொல்லட்டும்" என்றார். "எனக்கு மனுசக் குரல் விடாமக் கேக்கணும். நடுவுல நீங்க நிறுத்துனா, லைன் அறுந்துச்சா, நீங்க நிறுத்துனியளான்னு எனக்குத் தெரியாது. அதனால வாயை மூடக் கூடாது."

"அது மாமாவுக்குக் கஷ்டமே இல்லீங்க" என்றாள் தாரணி.

பிப்ரவரி 2, வெள்ளி

எழுத உட்கார்ந்து நேரமாகிறது. வரிசையாகவே எழுதுகிறேன்.

முதல் தடவை பெட்டியைப் பற்றிப் பேசினேன். டிபன் கேரியர் அடுப்பிலிருந்து ஆரம்பித்தேன். வளைவு வந்தது. தாரணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மரத்தைத் தாண்டினோம். "கேக்குது, சொல்லுங்க" என்றார் ஆவுடையம்மாள். பேச்சு அறவில்லை.

இரண்டாம் தடவை என் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆலோசகர் பட்டம். சக்கர நாற்காலி. கம்பெனியின் இருபதாவது ஆண்டு விழாப் படத்தில் என்னைப் பூந்தொட்டிக்குப் பின்னால் நிற்க வைத்ததில், முகத்துக்கு நேராகக் குரோட்டன்ஸ் இலை வந்தது. பெட்டிக்கு நான் வைத்த பெயரை எடுத்துவிட்டு இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் போட்டது.

"என்ன பேர் வெச்சிருந்திய?"

"கணப்பு."

"நல்ல பேருல்லா! யாரு அதை எடுத்தது?"

பக்கத்தில் தாரணி, "நான்தானுங்க, மன்னிச்சுக்குங்க" என்று கத்தினாள். மரத்தை எப்போது தாண்டினோம் என்றே தெரியவில்லை.

மூன்றாம் தடவையும் குறைகள். அண்ணன் புதுமனைப் புகுவிழாவுக்கு என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது. பியூசியில் என்னைத் தோற்கடித்த கெமிஸ்ட்ரி வாத்தியார். ஒழுகும் குழாய். ஆவுடையம்மாள் சிலவற்றுக்கு என் பக்கம் பேசினார். சிலவற்றுக்கு, "அது உங்க தப்பு" என்றார். அண்ணன் விஷயத்தில் என் தப்பு என்றார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நான்காம் தடவை, பாதி வழியில், சொல்வதற்குக் குறை இல்லை.

என் வாழ்நாளில் இப்படி ஆனதில்லை. குறைகள் தீர்ந்துபோகும் என்று நான் நினைத்ததே இல்லை. நெஞ்சைத் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வெளியே தேயிலை, வெயில், யூகலிப்டஸ் வாசம். வளைவு வந்துகொண்டிருக்கிறது. போன் காதில் இருக்கிறது. பேசாமல் இருந்தால் சோதனை கெட்டுவிடும். பெட்டி தோற்றுவிடும். என் மேசை போய்விடும்.

ஆகவே மனதில் இருந்ததைப் பேசினேன். இருந்தது ஒன்றுதான்.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. சோதனைக்குத் தேவைப்பட்ட பேச்சு. ஜீப் ஒருமுறை குலுங்கியது. குழி என்று தாரணி சொன்னாள். குழி எதுவும் இல்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சில்வர் ஓக் மரம் சரியாக ஜன்னலுக்கு நேரே வந்தது.

"ஹலோ? ஹலோ! கட்டாயிருச்சுங்களா?"

ஒன்றும் இல்லை. என் பெட்டி போயிற்று, மேசை போயிற்று என்று நினைத்தேன். அதைவிட மற்றது போயிற்றே என்றுதான் முதலில் நினைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

"கட் ஆவல" என்று குரல் வந்தது. "லைன்லதான் இருக்கேன். யோசிக்கேன்."

"யோசிங்க, யோசிங்க."

"நீங்க பேச்சை நிறுத்தாதிய. வளைவு இன்னும் முடியல."

இனி என்னத்தைப் பேசுவது? கண்ணில் பட்ட போர்டுகளை எல்லாம் உரக்கப் படித்தேன். ஒலி எழுப்பவும். வனவிலங்குகள் நடமாடும் பகுதி. குரங்குகளுக்கு உணவளிக்காதீர். மெதுவாகச் செல்லவும். மெதுவாகச் செல்லவும் என்பதை இரண்டு தடவை படித்தேன். தாரணி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். ஓட்டும்போது அப்படிச் சிரிக்கக் கூடாது.

கீழ் டவர் வந்துவிட்டது. அப்போது அவர் பேசினார்.

"இங்க பாருங்க. இப்போ நான் இன்ஸ்பெக்டர். கையெழுத்துப் போடுத வரைக்கும் பதில் சொல்ல மாட்டேன்."

"சரிங்க."

"சரின்னா பேச்சை நிறுத்தாதிய. கேக்க வேண்டியதக் கேளுங்க."

கேட்டேன். "பெட்டி தோத்துப்போச்சுன்னா?"

"தோத்தாலும் ஜெயிச்சாலும் ஒரே பதில்தான். பெட்டிகிட்டக் கேட்டுக்கிட்டா நான் சொல்லப்போறேன்?"

ஐந்தாம் தடவை நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. சரஸ்வதி வைக்கும் அரிசியும் பருப்பும் சாதம் எப்படி என்று சொன்னதாகத் தாரணி சொல்கிறாள். பாட்டு ஒன்றும் பாடினேனாம். அதை நான் நம்பவில்லை.

பேச்சு ஒரு தடவையும் அறவில்லை.

பிப்ரவரி 3, சனி

மேல் டவரின் ரூமுக்குள் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு பக்கத்திலும். வாசலில் சிங்கவால் குரங்கு ஒன்று உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. 'சோதனையில் தேறியது' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, முத்திரை குத்தினார். தாரணி என்னைக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே வெளிநாட்டுப் பெட்டிக்காரனுக்குப் போன் செய்ய வெளியே ஓடினாள். பெட்டிக்கு இனி 'கணப்பு' என்றுதான் பெயர் என்று வாசலிலிருந்து கத்தினாள். மேசை என்னுடையது. நாற்காலியை மாற்றச் சொல்ல வேண்டும்.

ரூமுக்குள் நாங்கள் இருவர்தான். விசிறி ஓடும் சத்தம்.

"மார்ச் கடைசியோட ரிடையர் ஆகுதேன்" என்றார். "அதுவரைக்கும் நீங்க கம்பெனிக்காரர், நான் சோதனைக்காரி. போனும் வேண்டாம்."

"பெட்டியப் பத்திக்கூடவா?"

"பெட்டிதான் தேறிருச்சே, இன்னும் என்ன பெட்டி? ஏப்ரல் ஒண்ணாந் தேதி பாளையங்கோட்டைக்கு வாங்க. எங்க அண்ணன்மாரு ரெண்டு பேரும் இருப்பாவ. ரெண்டு பேரும் லேசுல சரின்னு சொல்ல மாட்டாவ. பிடிவாதக்காரங்க."

"என்னையவிடவா?"

"அதைத்தான் சோதிச்சுப் பாக்கணும்" என்றார். சிரிக்கும்போது ஒரு பக்கம் கன்னம் குழிகிறது. இதை நான் முன்பே கவனித்திருக்கிறேன், எழுதவில்லை.

"ஏப்ரல் ஒண்ணு வேண்டாமுங்க. முட்டாள் தினம். ரெண்டாந் தேதி வர்றேன்."

"ஒண்ணாந் தேதி."

"ரெண்டு."

"ஒண்ணு. நான் வேலைய விட்ட மொத நாள் அதான்."

"ரெண்டுன்னா ரெண்டுதானுங்க. சொன்னா சொன்னதுதான்."

மலையிலிருந்து கீழே இறங்கும் வரைக்கும், ஒவ்வொரு வளைவிலும் இதே சண்டை. ஆழியாற்றில் ஜீப்பை நிறுத்தித் தாரணி பொரித்த மீன் வாங்கித் தந்தாள். ஆவுடை இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார். வாயில் மீனோடு, "ஒண்ணு" என்றார்.

பிப்ரவரி 5, திங்கள்

நெல்லை ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் போய்ச் சேரும். ஜன்னல் ஓரம்.

விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாம் தேதிக்கு இடம் இல்லை. நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் இருந்திருக்காது.